சாவி கொடுத்த காலம்
(எச்.எம்.டி. கைக்கடிகாரமும் அதன் கிராக்கியும்)

கிராக்கி என்றால் என்ன என்று போடிநாயக்கனூர்க்காரர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. 2018-ல் இடுக்கியில் வெள்ளம். அடுத்த கோடையில் வறட்சி. மலையில் காய் இல்லை. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஏலக்காய் அதிகபட்சமாகக் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அன்றைக்குப் போடியில் டீக்கடை, பஸ் ஸ்டாண்டு, கல்யாண மண்டபம் எங்கே போனாலும் இதே பேச்சுதான். காய் குறைந்தால் விலை ஏறும், காய் வந்தால் இறங்கும். இந்தக் கணக்கு நம் ஊர்ச் சின்னப் பையனுக்கும் தெரியும்.

ஆனால் இந்தக் கணக்குக்குள் அடங்காத கிராக்கி ஒன்று உண்டு. 2017 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த ஓர் ஏலத்தில், நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா வாட்ச் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு விலைபோனது. வேடிக்கை என்னவென்றால், அந்த மாதிரி டயல் வைத்த டேடோனாக்கள் 1960-களின் கடைசியில் கடைக்கு வந்தபோது சீந்துவார் இல்லை. விற்காததால் குறைவாகச் செய்தார்கள். குறைவாகச் செய்ததால் பிற்காலத்தில் அரிதாயின. அரிதானதால் விலை வானத்தைத் தொட்டது. அன்று யாரும் வேண்டாம் என்றதுதான் இன்றைய விலைக்கே காரணம்!

ரோலெக்ஸ் கதை நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். இதே கதை நம் நாட்டில், ஏன், நம் போடி வீடுகளின் பீரோவுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மலைக்குப் போவோம். போடிமெட்டுக்கு மேலே, பூப்பாறை, சாந்தன்பாறை, வண்டன்மேடு என்று பரந்து கிடக்கும் ஏலத்தோட்டங்களில் நேரம் என்பது நெடுங்காலம் சூரியனும் சங்கும்தான். 1956-ல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது மலை கேரளத்துக்குப் போனது. சந்தை போடியிலேயே நின்றுவிட்டது. ஆட்களும் இங்கிருந்துதான் போனார்கள், இன்றும் விடியலில் ஜீப்பில் கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகிறார்கள். காய் எடுக்கும் பெண்களுக்கு வாட்ச் தேவைப்படவில்லை. ஜீப் வந்தால் காலை, ஜீப் கிளம்பினால் மாலை.

வாட்ச் கட்டாயம் தேவைப்பட்ட இடம் ஒன்று தோட்டத்தில் இருந்தது. அது காய் உலர்த்தும் ஸ்டோர். பச்சைக் காய் 100 கிலோ போட்டால் உலர்ந்து வருவது ஏறத்தாழ 20 கிலோ. அதற்கு 18 முதல் 24 மணி நேரம் ஆகும். விறகுச் சூடு குழாய் வழியாக அறைக்குள் போகும். சூடு கூடினால் காயின் பச்சை வெளுத்துவிடும், குறைந்தால் ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும். பச்சை போனால் விலையும் போச்சு. ஆகவே ராத்திரி முழுக்க ஒருவர் விழித்திருந்து, இத்தனை மணிக்கு விறகு, இத்தனை மணிக்கு ஜன்னல் என்று பார்த்தாக வேண்டும். என் தாத்தா போடிமெட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் அந்த வேலைதான் பார்த்தார். அவர் கையில் கட்டியிருந்தது எச்.எம்.டி. ஜனதா. அந்த வாட்ச் அவருக்கு அலங்காரம் இல்லை, தெர்மாமீட்டர் மாதிரி அதுவும் ஸ்டோர்ச் சாமான்.

எச்.எம்.டி.க்கு முன்னால் கைக்கடிகாரம் என்றாலே சீமைச் சரக்குதான். சென்னை மவுண்ட் ரோட்டில் பி.ஆர். அண்டு சன்ஸ், பம்பாயில் வெஸ்ட் எண்ட், ஃபாவ்ர் லூபா. எல்லாம் சுவிஸ் வாட்சுகள். தோட்ட முதலாளிகள், துரைமார், ரயில்வே அதிகாரிகள் கட்டினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அந்நியச் செலாவணிப் பஞ்சம் வந்து, இறக்குமதிக்குக் கடிவாளம் போட்டார்கள். விளைவு? கள்ளக்கடத்தல்! கப்பலில் வருகிறவர், மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வருகிறவர், எல்லோர் கையிலும் ஒன்றுக்கு இரண்டு வாட்ச். பின்னாளில் சென்னை பர்மா பஜார் அதற்கென்றே பேர் பெற்றது. 'ஃபாரின் வாட்ச்' என்ற சொல்லுக்கு அன்றிருந்த மவுசு இன்றைய மாணவர்களுக்குப் புரிவது கஷ்டம்.

இந்த நிலையில்தான், 1953-ல் பெங்களூரில் இயந்திரக் கருவிகள் செய்யத் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்ற அரசு நிறுவனம், 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கைகோத்து வாட்ச் தொழிற்சாலையை அமைத்தது. முதல் வாட்சுகளைப் பிரதமர் நேருவே வெளியிட்டார். லேத்தும் மில்லிங் மெஷினும் செய்கிறவர்கள் வாட்ச் செய்யலாமா என்று சிலருக்குத் தோன்றலாம். இயந்திரப் பொறியியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதுதான் சரியான வரிசை. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைப் பிடிக்கத் தெரிந்த கைகளுக்குத்தான் வாட்ச் வரும்.

சாவி கொடுக்கும் வாட்சின் உள்ளே என்னதான் நடக்கிறது? கொஞ்சம் பார்த்துவிடுவோம். நாம் சாவியைத் திருகும்போது டப்பாவுக்குள் சுருண்டு கிடக்கும் ஸ்பிரிங் இறுகுகிறது. அது விரியப் பார்க்கிறது. அப்படியே விட்டால் சில நொடிகளில் விரிந்து முடிந்துவிடும். அதை விடாமல், ஒவ்வொரு பல்லாகத் தடுத்துத் தடுத்து அனுப்பும் காவல்காரன்தான் எஸ்கேப்மென்ட். அந்தக் காவல்காரனுக்குத் தாளம் போடுவது பேலன்ஸ் சக்கரம். எச்.எம்.டி.யின் பிரபலமான கைச்சாவி மெஷினில் அந்தத் தாளம் மணிக்கு 18,000, அதாவது நொடிக்கு ஐந்து. டயலில் '17 ஜுவல்ஸ்' என்று போட்டிருக்கும். நம் ஊரில் பலர் உள்ளே 17 மாணிக்கக் கல் இருக்கிறது, விற்றால் காசு என்று நம்பினார்கள். கல் இருப்பது நிஜம்தான். ஆனால் அது செயற்கை மாணிக்கம், மணலளவு. அச்சு தேயாமல் சுழல்வதற்கான பேரிங். விற்றால் ஒரு டீ குடிக்கவும் தேறாது!

எச்.எம்.டி. வைத்த பேர்களைப் பாருங்கள்: ஜனதா, பைலட், ஜவான், சோனா, கோஹினூர், காஞ்சன். ஜவான் ராணுவத்தாருக்கு. பைலட் கறுப்பு டயல், இருட்டில் மின்னும் முள். சோனா மெல்லியது. காஞ்சன் தங்க முலாம் போட்ட ஆட்டோமேட்டிக், கிழமையும் தேதியும் காட்டும். பார்வையற்றோர் விரலால் தடவி மணி பார்க்க பிரெயில் வாட்சும் செய்தார்கள்.

தேவை கடலளவு, உற்பத்தி குடத்தளவு. பெங்களூரில் இரண்டாவது தொழிற்சாலை, ஸ்ரீநகரில் ஒன்று, 1978-ல் தும்கூர், 1980-களில் இமயமலை அடிவாரத்தில் ராணிபாக் என்று விரித்தும் பல காலம் போதவில்லை. கடைக்காரரிடம் சொல்லிவைத்துக் காத்திருந்து வாங்க வேண்டும். ஆபீசில் யாராவது பெங்களூர் போனால் அவரிடம் நாலு பேர் பணம் கொடுத்தனுப்புவார்கள். காஞ்சன் விஷயம் இன்னும் மோசம். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மோதிரம், வாட்ச் என்பது வழக்கம். 'காஞ்சன்தான் வேணும்' என்று மாப்பிள்ளை வீட்டார் பேர் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள். போட்ட விலைக்கு மேலே பிளாக்கில் கொடுத்து வாங்கிச் சீர் செய்த பெண் வீட்டார் நாடு முழுக்க உண்டு. ஒரு வாட்ச் கிடைக்காததால் முகூர்த்தம் வரை முகம் சுளித்த சம்பந்திகள் கதை நம் பகுதிப் பெரியவர்களைக் கேட்டால் இன்றும் சொல்வார்கள்.

ஆக, இது முதல் கிராக்கி. மணி பார்க்க வாட்ச் வேண்டும், வாட்ச் போதவில்லை. ஏலக்காய்க் கணக்குத்தான்.

அப்புறம் குவார்ட்ஸ் வந்தது. 1969 கிறிஸ்துமஸ் அன்று டோக்கியோவில் சீக்கோ வெளியிட்ட அஸ்ட்ரான்தான் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம். அன்று அதன் விலைக்கு ஒரு சின்னக் கார் வாங்கலாம். பத்துப் பதினைந்து வருஷத்தில் அதே நுட்பம் தெருவோரத்துக்கு வந்துவிட்டது. பேட்டரி மின்சாரத்தில் ஒரு சிறு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும். நொடிக்கு ஐந்து தட்டும் சக்கரம் அதோடு எப்படிப் போட்டி போடும்? சுவிட்சர்லாந்தில் வாட்ச் தொழிலாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள்.

எச்.எம்.டி.க்குக் குவார்ட்ஸ் தெரியாமல் இல்லை. 1981-லேயே செய்துவிட்டது. ஆனால் சாவி வாட்ச்தான் நம் மக்களுக்கு என்று அதிலேயே நின்றது. அந்த இடத்தில்தான் நம் தமிழ்நாடு உள்ளே வருகிறது. டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் டைட்டன் கம்பெனியை உருவாக்கி, ஓசூரில் தொழிற்சாலை போட்டன. செர்க்சீஸ் தேசாய் தலைமையில், குவார்ட்ஸை மட்டுமே நம்பி இறங்கினார்கள். 1987 முதல் பளபளக்கும் கடைகள், மொசார்ட் இசையோடு விளம்பரம், பரிசுப் பெட்டி. காத்திருந்து வாங்கிய ஜனங்களுக்கு இதோ, வாங்கிக்கோங்க என்று அடுக்கி வைத்த கடை! மாப்பிள்ளை வீட்டார் 'டைட்டன்' கேட்க ஆரம்பித்தார்கள். காஞ்சன் மறந்தே போனது. அந்தக் காலத்துச் சாவி வாட்சுகள் பீரோவுக்குள், சில சாமி படத்துக்குப் பின்னால், சில குழந்தைகள் விளையாட.

பத்துக் கோடிக்கும் மேல் வாட்ச் செய்த கம்பெனி வருஷா வருஷம் நஷ்டக் கணக்கு எழுதியது. 2016 ஜனவரி 6-ம் தேதி எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் கொடுத்தது. நாங்கள் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்த நேரம். பேப்பரில் சின்னப் பத்தியாக வந்த செய்தி. எங்கள் ஹாஸ்டலில் யாரும் அதைப் பற்றிப் பேசியதாக எனக்கு நினைவில்லை. தும்கூர் தொழிற்சாலை நிலம் பிறகு இஸ்ரோ கைக்குப் போனது.

இங்கேதான் இரண்டாவது கிராக்கி ஆரம்பம். மூடப்போகிறார்கள் என்ற பேச்சு 2014-ல் கிளம்பியதுமே, மிச்சமிருந்த கடைகளில் கூட்டம். பத்து வருஷமாக அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள் எல்லாம் வந்து பைலட் இருக்கா, ஜனதா இருக்கா என்று கேட்டார்கள். ஆயிரம் ரூபாயை ஒட்டி விற்ற பைலட் கைமாறும்போது பல மடங்கு. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களும் தேட ஆரம்பித்தார்கள். கையிருப்பை எச்.எம்.டி. கொஞ்சம் கொஞ்சமாக விற்பனைக்கு விட்டால் போட்ட சற்று நேரத்தில் தீர்ந்தது. பெங்களூரில் 2019-ல் அருங்காட்சியகமே திறந்தார்கள். உயிரோடு இருந்தவரை கேட்பாரில்லை, படமாகத் தொங்கியபின் மாலை!

வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு மணி பார்க்க வாட்ச் தேவைப்பட்டது? ஒருவருக்கும் இருக்காது. எல்லோர் பையிலும் செல்போன். அவர்கள் தேடியது அப்பா கட்டியிருந்த வாட்ச், தாத்தா கட்டியிருந்த வாட்ச். இல்லையா, மற்றவன் கையில் இல்லாத வாட்ச்.

இந்த இரண்டாவது கிராக்கியை உலகக் கம்பெனிகள் எப்போதோ புரிந்துகொண்டுவிட்டன. குவார்ட்ஸிடம் தோற்ற சுவிஸ்காரர்கள், சாவி வாட்சை மணிகாட்டும் கருவியாக விற்பதை நிறுத்தி, அரிய பொருளாக விற்கத் தொடங்கினார்கள். இத்தனைதான் செய்வோம், அதற்கு மேல் கிடையாது என்று முன்கூட்டியே எண்ணிக்கை சொல்லிவிடுவது. வாட்சின் முதுகில் வரிசை எண் வேறு. 2021 டிசம்பரில் பட்டெக் பிலிப் கம்பெனி, டிஃபனி கடைக்காக நீல டயல் வைத்து 170 வாட்ச் மட்டும் செய்தது. கடை விலை 52,000 டாலர் சொச்சம். அதில் ஒன்று அதே மாதம் ஏலத்தில் 65 லட்சம் டாலருக்குப் போனது. 2022 மார்ச்சில் ஸ்வாட்ச் வெளியிட்ட மூன்ஸ்வாட்ச் இன்னும் தமாஷ். அது லிமிடெட் எடிஷனே இல்லை என்று கம்பெனியே சொன்னது. குறிப்பிட்ட சில கடைகளில் மட்டும் வைத்தார்கள், அவ்வளவுதான். லண்டன், சிங்கப்பூர் என்று ஊர் ஊராக ராத்திரியே வரிசை நின்று, தள்ளுமுள்ளு ஆகி, போலீஸ் வரவேண்டியதாயிற்று.

நம் ஓசூரும் சளைக்கவில்லை. குவார்ட்ஸால் சாவி வாட்சை வீழ்த்திய அதே டைட்டன், தன் 40 ஆண்டு நிறைவையொட்டி 2025 ஜனவரியில் 'ஜல்சா' என்று ஒரு சாவி வாட்சை வெளியிட்டது. உள்ளே டூர்பிலான் என்ற சுழலும் கூண்டு, டயலில் நுண்ணோவியம். மொத்தமே 10. விலை 40 லட்சம் ரூபாய்க்கு மேல். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கூண்டை நம் நாட்டிலேயே செய்தது பொறியாளன் என்ற முறையில் எனக்குப் பெருமைதான். ஆனாலும் பத்தாவதற்கு அப்புறம் பதினொன்றாவதைச் செய்ய மெஷினும் ஆளும் இருந்தும், செய்வதில்லை என்று முடிவெடுப்பதுதான் இந்த வியாபாரம். ஏலக்காய்ப் பஞ்சத்தை மழை தீர்மானிக்கிறது, இந்தப் பஞ்சத்தை மேஜையில் உட்கார்ந்து தீர்மானிக்கிறார்கள்.

எச்.எம்.டி. இந்த இரண்டிலும் சேராது. கோடிக்கணக்கில் செய்தது. பஞ்சம் வரட்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை. அது அழியும்போது தானாக அரிதாகிக்கொண்டிருக்கிறது. அந்த அழிவு எப்படி நடக்கிறது என்பதில்தான் எனக்குக் கவலை.

போடியில் வாட்ச் ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவரிடம் சில வருஷமாகப் போய்வருகிறேன். போன வருஷம் போனபோது அவர் மேஜை இழுப்பறை காலியாக இருந்தது. "வெளியூர்ல இருந்து ஆள் வந்தாங்க தம்பி. ஓடுறது, ஓடாதது, டயல் போனது எல்லாத்தையும் மொத்தமா அள்ளிட்டுப் போயிட்டாங்க. நூறு, இருநூறுன்னு போட்டுக் குடுத்தாங்க. எனக்கும் இனிமே எவன் வந்து கேக்கப்போறான்?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அள்ளிப்போன வாட்சுகள் எங்கே போகின்றன? பெருநகரப் பட்டறைகளுக்கு. அங்கே ஒன்றின் மெஷின், இன்னொன்றின் கூடு, மூன்றாவதன் முள் என்று கழற்றிச் சேர்ப்பார்கள். வெளுத்த டயலைச் சுரண்டிவிட்டு ஆரஞ்சு, கிளிப்பச்சை என்று எச்.எம்.டி. கனவிலும் செய்யாத நிறத்தில் அச்சடிப்பார்கள். சேகரிப்பாளர்கள் இதற்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'மும்பை ஸ்பெஷல்'. அதைப் பழைய அசல் என்று நம்பி வாங்குகிறவர்கள் ஏராளம். ஆக, கிராக்கி ஏற ஏற, அசல் குறைகிறது. பத்து அசலைப் பிரித்துப் போட்டு ஆறு கலப்படம் செய்தால், பத்து அசலும் போச்சு.

இதைக் கண்டுபிடிக்க நம் ஊர்க்காரர்களுக்குத் தனிப் பயிற்சி தேவையில்லை. சாயம் போட்ட ஏலக்காயைப் போடி வியாபாரி எப்படிக் கண்டுபிடிக்கிறார்? பச்சை ஒரே சீராக, அளவுக்கு மீறி இருக்கும். இயற்கைப் பச்சையில் ஏற்ற இறக்கம் உண்டு. காம்போரம் வெளிறும். ஈரத்துணியில் தேய்த்தால் சாயம் ஒட்டும். வாட்சும் அதே மாதிரிதான். ஐம்பது வருஷத்து டயல் புத்தம் புதிதாகப் பளிச்சென்றால் சந்தேகப்படுங்கள். லூப் வைத்துப் பாருங்கள். அசல் எழுத்து மெல்லியதாக, ஓரம் கூராக இருக்கும். மறு அச்சில் மை பரவித் தடித்திருக்கும். கூடு தேய்ந்து, சாவி மட்டும் மினுமினுத்தால் அது வேறொன்றின் சாவி. ஜனதாவின் டயலும் பைலட்டின் முள்ளும் ஒரே வாட்சில் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எச்.எம்.டி. பெண்களுக்கான சின்ன வாட்சுகளும் நிறையச் செய்தது. டீச்சர்கள், நர்சுகள், தபாலாபீஸ் ஊழியர்கள், எத்தனை பெண்கள் முதல் சம்பளத்தில் அதை வாங்கியிருப்பார்கள்! அதற்கு இன்று சேகரிப்பாளர்களிடம் கிராக்கி ஏறத்தாழ இல்லை. மெஷின் சின்னது, பாகம் கிடைக்காது, ஆண் கைக்குப் பொருந்தாது. ஆகவே அவை கிலோ கணக்கில் பழைய சாமானாகப் போகின்றன. இன்னும் இருபது வருஷத்தில் அவை உண்மையிலேயே அரிதாகிவிடும் என்று நினைக்கிறேன். பால் நியூமன் டயல் மாதிரி அப்போது விலை ஏறுமோ என்னவோ, எனக்கு விலை பெரிதில்லை. முதன்முதலாக வீட்டுக்கு வெளியே வேலைக்குப் போய், தன் நேரத்தைத் தன் கையில் கட்டிக்கொண்ட ஒரு தலைமுறைப் பெண்களின் சான்று அது. வேறு எங்கேயும் எழுதிவைக்கப்படாதது.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பழைய எச்.எம்.டி. இருந்தால், விற்பதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். ஆனால் பாலிஷ் போடாதீர்கள், டயலை மாற்றாதீர்கள். ஓடவில்லை என்று பலமாகச் சாவி கொடுக்காதீர்கள், பெரும்பாலும் எண்ணெய் காய்ந்திருக்கும், சர்வீஸ் செய்தால் ஓடும். ரசீதோ, கேரண்டி அட்டையோ, கல்யாணத்தில் மாப்பிள்ளை அதைக் கட்டியிருக்கும் போட்டோவோ இருந்தால் சேர்த்து வையுங்கள். யார், எப்போது, எதற்காக வாங்கினார்கள் என்று பாட்டியிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இயந்திரத் துறை மாணவர்கள் ஓடாத ஒன்றைப் பிரித்துப் பார்க்க ஆசைப்பட்டால், டயல் போன, பாதி பாகம் இல்லாத வாட்சாகப் பார்த்து எடுங்கள். அதிலேயே கியர் டிரெயின் பாடம் முழுக்க இருக்கிறது.

தாத்தாவின் ஜனதா இப்போது என்னிடம்தான். கண்ணாடியில் கீறல், டயலில் புகை படிந்த மஞ்சள், நாளுக்கு ஒரு நிமிஷம் போல முன்னால் ஓடுகிறது. டயலை மாற்றித் தருகிறேன் என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். அந்த மஞ்சள் ஸ்டோர்ப் புகையா, வெறும் வயசா என்று ஆராய எனக்கு விருப்பமில்லை, அப்படியே இருக்கட்டும்.

சந்திப்பு நாளன்று யாரிடமாவது பழைய எச்.எம்.டி. இருந்தால், ஓடினாலும் ஓடாவிட்டாலும், கட்டிக்கொண்டு வாருங்கள். நான் லூப் கொண்டுவருகிறேன். ரிப்பேர்ப் பெரியவரையும் அழைத்திருக்கிறேன், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.